இரண்டு கோயிலில் கட்டிய பூ

போன வருஷம்வரை என் மகள் கனகா தூங்கும்போது அவள் நெஞ்சில் விசில் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டேதான் நான் தூங்குவேன். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பே வந்த வீசிங். எங்கள் வீடு தாராவியில் தோல் பட்டறைக் கார்கானாக்கள் இருக்கிற சந்தில் ஒற்றை அறை. ஒரு பக்கம் தோலுக்குப் போடுகிற மருந்து வாடை, மறுபக்கம் பழைய பிளாஸ்டிக்கை உருக்குகிற புகை. என் வீட்டுக்காரர் சுடலைமுத்து பை தைக்கிற கார்கானாவில் தோல் வெட்டுகிறார். அந்தப் பைகளுக்கு உள்துணி தைப்பது நான். சோறு போடுகிற வாடையைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் பிள்ளைக்கு அது ஆகவில்லை.

நம் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் வருகிற உங்களில் பாதிப்பேருக்கு இது தெரியும். கனகாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியபோது உங்களில் சிலர் கூடவே ஓடி வந்தீர்கள். அதற்குப் பிறகு அம்மன் என்ன செய்தாள் என்பதை நான் வாயால் எத்தனையோ பேருக்குச் சொல்லியாயிற்று. ஆடித் திருவிழா மலரில் எழுதிக் கொடு பேச்சி, எல்லோருக்கும் உதவும் என்று கமிட்டியில் கேட்டார்கள். எழுதுகிறேன். கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆனி மாதம், மழை பிடித்த வாரம். கனகா பி.எஸ்சி. கணக்கு முடித்து வீட்டில் இருந்தாள். பட்டப்பகலில், கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூச்சு திரும்பிய பிறகு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், காற்றை நான் எழுதித் தர முடியாது, இந்தப் பெண்ணை அந்த இடத்திலிருந்து வெளியே அனுப்புங்கள் என்றார். நான் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். பம்பாயில் வீடு மாற்றுவது என்ன, புடவை மாற்றுவது போலவா?

அன்று சாயங்காலம் நேரே கோயிலுக்குத்தான் போனேன். "தாயே, எங்கள விடு. இவள மட்டும் இந்தப் பொகையில இருந்து வெளிய கொண்டு போயிரு" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அம்மன் செவிசாய்த்தாள். ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தாள். எம்.எஸ்சி.க்கு கனகா விண்ணப்பித்ததில் இரண்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இரண்டும் அரசாங்கத்துடையது. இரண்டிலும் ஹாஸ்டல் உண்டு. படிப்பும் ஒன்றுதான், பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இடத்தில்தான். ஒன்று மலைக்குள்ளே, ஏரிக்கரையில். மற்றது மேட்டு நாட்டில், மழை மறைவுப் பக்கம், வெறும் பொட்டல், கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் மண்ணும் முள்ளுச்செடியும். கனகா போனில் படம் காட்டினாள். மலையைப் பார்த்தேன், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படி ஒரு பச்சை. மற்றதைப் பார்த்தேன். வெயிலில் நாலு கட்டிடம் நின்றுகொண்டிருந்தது, நிழலுக்கு ஒரு வேம்பு. நம் கோவில்பட்டிப் பக்கத்தை ரயிலில் கொண்டுவந்து இறக்கி வைத்தது போல் இருந்தது. நல்ல காற்று எங்கே இருக்கும் என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லுமே. நான் மனதுக்குள் மலைக்கு மூட்டை கட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு மலை பிடிக்கவில்லை. தாதரில் ஏறினால் நேரே போய் இறங்குகிற ரயில் பொட்டலுக்குத்தான் இருந்தது. மலைக்கு ரயில், அப்புறம் பஸ், அப்புறம் இன்னொரு பஸ். "பிள்ளைக்கு ஒண்ணுன்னா எப்படிட்டி போய்ச் சேருவ?" என்று கேட்டார். அதற்குப் பதில் வாங்கத்தான் அம்மன் இருக்கிறாளே.

பூக்கட்டிப் பார்ப்பது நமக்கெல்லாம் புதிதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் படிப்பார்கள் என்று சொல்லி வைக்கிறேன். வெள்ளைப் பூவைத் தனியாக, சிவப்புப் பூவைத் தனியாக வெற்றிலையில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் காலடியில் போடுவோம். எது வந்தால் எது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொட்டலத்தைக் குழந்தை யாராவது எடுத்துக் கொடுக்கும். அதுதான் உத்தரவு. கேட்டு முடிகிறவரை ஒருத்தரிடமும் மூச்சுவிடக் கூடாது. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கட்டலாம். வெள்ளிக்கிழமை மாட்டுங்காவில் அரளி வாங்கி வந்து கட்டினேன். வெள்ளை வந்தால் மலை, சிவப்பு வந்தால் பொட்டல். வெள்ளை வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே சொன்னால் சண்டை பிடிப்பார், அவருடைய செவ்வாய்க்கிழமை விரதமும் முடியட்டும், புதன்கிழமை சாப்பாடு போடும்போது நல்ல முகத்தோடு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வேலை முடிந்து நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, செம்பூர் கோயிலுக்குப் போயிட்டு வாரேன். முருகன் உத்தரவு குடுத்துட்டான்."

"எதுக்கு உத்தரவு?"

"கனகா விஷயமாத்தான். பூக்கட்டிப் பார்த்தேன். செவ்வரளி வந்துட்டு. பிள்ள பொட்டலுக்கே போட்டும்."

தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்தேன். "நான் வெள்ளிக்கிழமையே அம்மன்கிட்ட கட்டியாச்சி. வெள்ளப் பூ வந்தாச்சி. நீங்க யாரக் கேட்டுக் கட்டுனிய?"

"நீ யாரக் கேட்டுக் கட்டுன?"

இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததால் வந்த வினை. ஒரு காரியத்துக்கு இரண்டு தடவை கட்டியாயிற்று, அதுவும் இரண்டு சன்னிதியில். எது செல்லும்? முதலில் கட்டியது நான் என்றேன். உத்தரவு கேட்க வேண்டியது தகப்பன் என்றார் அவர். தெய்வக்குற்றம் ஆகிவிடுமோ என்று உள்ளுக்குள் பயம் வேறு. அந்தப் பயத்தை வெளியே காட்டாமல் இரண்டு பேரும் சத்தம் போட்டோம்.

டியூஷன் எடுத்துவிட்டு வந்த கனகா வாசலிலேயே நின்று கேட்டிருக்கிறாள். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "மாரியம்மனும் முருகனும் அம்மாவும் மகனும்தானே. முதல்ல அவங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். அப்புறமா எனக்குச் சொல்லுங்க" என்றாள். திலக் நகரில் இருக்கிற என் நாத்தனார் போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாட்டுங்காவுல பிள்ளையார்கிட்ட மூணாவதா ஒண்ணு கட்டிப் பாருங்க மதினி" என்றாள். கனகா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "வேண்டாம் அத்தே. முருகனோட அண்ணனையும் பஞ்சாயத்துக்கு இழுக்காதீங்க."

போனை வைத்துவிட்டு அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். இப்போது சிரிக்கவில்லை. "படிக்கப் போறது நான். மூச்சு விடப் போறதும் நான். என்னைக் கேட்டீங்களா யாராவது? ரெண்டு இடத்தையும் நேர்ல போய்ப் பார்ப்போம். சேர இன்னும் டைம் இருக்கு."

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன். பூ வாங்கவில்லை. கையை வீசிக்கொண்டு போய் நின்றேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. மலை என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "எனக்குப் பிடிச்ச எடம் வேண்டாம் தாயே. அவருக்குப் பிடிச்ச எடமும் வேண்டாம். இவளுக்கு மூச்சு முட்டாத எடத்தக் காட்டு. என் கண்ணுக்குப் புரியிற மாதிரி காட்டு" என்று சொல்லிவிட்டு வந்தேன். நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினது போல் இருந்தது.

முதலில் மலைக்குப் போனோம். படத்தில் பார்த்ததைவிட அழகு. மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாசலிலிருந்து உள்ளே போகிற பாதை நெடுக மரம், அந்தப் பக்கம் ஏரி, எங்கேயோ மயில் அகவுகிற சத்தம். நான் மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். என் வீட்டுக்காரர்கூட மரத்தையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார். பார்த்தீர்களா என்று அவரை ஒரு பார்வை பார்த்தேன். கணக்குத் துறையில் நல்லபடியாகப் பேசினார்கள். ஹாஸ்டலுக்குள் ஆண்கள் வரக்கூடாது என்றதால் அவர் திரும்பி, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க வாசல் பக்கம் போனார். நானும் கனகாவும் மட்டும் அறையைப் பார்க்கப் போனோம்.

அறைக்குள் நுழைந்ததும் ஈரச்சாக்கு வாடை. சுவரில் கை வைத்தால் பிசுபிசு என்று ஒட்டியது. மூலையெல்லாம் கறுப்பாகப் பூசணம். கனகா நாலைந்து தும்மல் போட்டாள். எனக்குத் தெரியும் அந்தத் தும்மல். வா வெளியே போகலாம் என்று அவளை வராந்தாவுக்கு இழுத்து வருவதற்குள் விசில் ஆரம்பித்துவிட்டது. மூச்சுக்கு இழுக்கிற மருந்து பம்ப் எங்கே? அவர் தோளில் இருக்கிற பையில். போனை எடுத்தேன், அந்த மலைக்குள் சிக்னல் இல்லை. கனகா தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். வராந்தாவில் ஓர் ஆள் இல்லை. நான் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு, "தாயே, தாயே" என்று மட்டும் சொன்னேன்.

மாடிப்படியில் ஒரு பெண் இறங்கி வந்தாள். அங்கே படிக்கிற மராட்டிப் பிள்ளை. பார்த்த மாத்திரத்தில் திரும்பி மேலே ஓடினாள். எனக்கு மனசு விட்டுப்போனது, பயந்து ஓடுகிறாள் என்று நினைத்தேன். அவள் நீல நிறப் பம்ப்போடு வந்தாள். "ஆன்ட்டி, கப்ராவோ மத்" என்று சொல்லிக்கொண்டே கனகா கையில் கொடுத்தாள். பயப்படாதீர்கள் என்கிறாள். கனகா இழுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது. உன்னிடம் எப்படி அம்மா இது என்று கேட்டேன். ஊரில் இருந்தவரை தனக்கு இந்தக் கஷ்டமே இல்லை, இங்கே வந்த முதல் மழைக்காலத்தில் ஆரம்பித்தது, மழை நிற்கிறவரை சுவர் காயாது, மற்றவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை, நெஞ்சு பலமில்லாத பிள்ளைகளுக்குத்தான் பாடு என்றாள். பார்க்க ரொம்ப நல்ல இடம் ஆன்ட்டி, ஆனால் இவளுக்கு வேண்டாம் என்று அவளாகவே சொன்னாள்.

நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்ணுக்குப் புரிகிற மாதிரி காட்டு என்று கேட்டவள் நான்தான். அம்மன் காட்டிவிட்டாள். பம்பையும் அவளே அனுப்பிக் காட்டினாள்.

திரும்பி வருகிற வழியில் இவர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதை நான் இங்கே எழுதியே ஆக வேண்டும். பையைத் தோளிலிருந்து கழற்றி கனகா மடியில் வைத்தார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பொட்டலுக்குப் போனோம். எனக்கு அந்த இடம் அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன? ஆடி மாதத்தில் வறண்ட காற்று முகத்தில் அடிக்கிறது. டீ குடிக்க வேண்டுமென்றால் ரோடு வரைக்கும் நடக்க வேண்டும். ஆனால் ஹாஸ்டல் சுவர் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. ஜன்னலைத் திறந்தால் இந்தப் பக்கக் காற்று அந்தப் பக்கம் போகிறது. நான் அலமாரிக்குப் பின்னாலெல்லாம் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். வார்டன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கனகா ஜன்னலுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "என்னட்டி?" என்றேன். "ஒண்ணும் இல்லம்மா. நெஞ்சு லேசா இருக்கு. நான் இங்கேயே படிக்கிறேன்" என்றாள். அவளாகத்தான் முடிவு செய்தாள்.

அப்படியானால் உன் பூ பொய்யா பேச்சி என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. முருகன் ஜெயித்துவிட்டான் என்று இவர் கார்கானாவில் சொல்லிக்கொண்டு திரிகிறார், திரியட்டும். எனக்குத் தெரிந்தது இதுதான்: பூக்கட்டும்போது நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டு போனேன். கையை வீசிக்கொண்டு போன அன்றைக்குத்தான் உண்மையாகக் கேட்டேன். அதற்கு வந்த பதிலில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தை மாதம் ஒரு காலையில் கனகா போன் செய்தாள். எடுத்ததும் மூச்சு இரைக்கிற சத்தம். "ஏட்டி, பம்ப எடு. பக்கத்துல யாரு இருக்கா?" என்று கத்தினேன். அவள் அந்தப் பக்கம் சிரிக்கிறாள். "அம்மா, கிரவுண்ட்ல ஓடிட்டு வாரேன். அதான் இரைக்குது." என் பிள்ளை ஓடி நான் பார்த்ததே இல்லை. விசில் இல்லாத மூச்சு, மேலும் கீழும் வாங்குகிறது. வைக்காதே, அப்படியே பிடி என்று சொல்லி அது அடங்குகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். இவரையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைக்கு எந்த ஊர், எந்தக் காலேஜ் என்று குழப்பம் வரும். தாயிடம் போய் நில்லுங்கள். பதிலையும் நீங்களே கையில் கொண்டு போகாதீர்கள். கேட்டுவிட்டு, எழுந்து நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அம்மன் கைவிட மாட்டாள், இதற்கு நான் சாட்சி.

இந்த ஆடியில் கடைசி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுவதாக நேர்ந்திருக்கிறேன். கனகா லீவு போட்டு வருகிறேன் என்றாள். மழைக்காலம், சந்தில் புகை அப்படியேதான் இருக்கிறது. நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் பேரைச் சொல்லி நான் ஊற்றுகிறேன், நீங்கள் எல்லோரும் வந்து குடியுங்கள். அவள் மட்டும் வர வேண்டாம்.