ஐந்து நிறமும் ஒரு கோழிக்காலும்

இரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது, இதயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கிளினிக்கில் சொன்னது எனக்கு. பயந்தது என் வீட்டுக்காரர். முப்பது வருஷம் லாரி ஓட்டியும் வராத நடுக்கம், "தினமும் தட்டில் ஐந்து நிறத்தில் காய்கறி, பழம் இருக்கணும்" என்று சத்துணவு ஆலோசகர் படம் காட்டியபோது அவருக்கு வந்தது. மறுநாளே அடுப்படியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். அதுவரை அங்கே அவர் தொட்டுப் பழகிய ஒரே பொருள் ஐஸ்பெட்டிக் கதவு.

சமையல் தெரியாது, நிறம் மட்டும் தெரியும். பீட்ரூட், கேரட், பூசணி, கங்கோங் கீரை எல்லாவற்றையும் ஒன்றாக அவித்து, பேருக்கு உப்பைத் தூவி, டப்பாவில் அடைத்துக் கொடுப்பார். ஒருநாள் ஊதா கிடைக்கவில்லை. செனாய் பாசாரில் கடை கடையாகத் தேடிவிட்டு, பக்கத்து ஊர் கூலாய் வரை மோட்டாரில் போய் ஒரே ஒரு கத்தரிக்காயோடு திரும்பினார். கல்யாணமான புதிதில் ஒரு முழம் பூ வாங்கிவர இந்த மனுஷனுக்கு நேரம் இருந்ததில்லை.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து நாற்காலி ஒரு சீனத் தோழிக்கு. என் வயதுதான், பேச்செல்லாம் மலாயில். என் டப்பாவை எட்டிப் பார்த்து, "உன் புருஷன் பெயிண்ட் கடை வச்சிருக்காரா?" என்று கேட்டாள். அவள் டப்பாவில் பொரித்த கோழிக்காலும் எண்ணெய் மினுங்கும் மீ நூடுல்ஸும்.

"எனக்கு இது அலுத்துப்போச்சு லா" என்றாள்.

இதயம் என்ன சொல்லியிருக்குமோ, கை முந்திக்கொண்டது. அன்று தொடங்கி மூன்று மாதம் டப்பாவை மாற்றிக்கொண்டோம். சாயங்காலம் காலி டப்பாவைப் பார்த்து அவர் பூரித்துப்போவார். எனக்குக் கொஞ்சம் உறுத்தும். மறுநாள் கோழியைக் கண்டதும் சரியாகிவிடும்.

பிறகு தொழிற்சாலையில் எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனை வைத்தார்கள். தோழிக்குக் கொழுப்பு இறங்கியிருந்தது, எனக்கு இன்னும் ஏறியிருந்தது. வேலை முடிந்து அவர் என்னை ஏற்றிப்போக வாசலில் நின்றார். நான் தடுப்பதற்குள் அவள் ஓடிப்போய் அண்ணே என்று மலாயில் கூப்பிட்டபடி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அபாங், உங்க சாப்பாடு மருந்து மாதிரி! மூணு மாசமா நான்தான் சாப்பிடுறேன்!"

அலமாக், குட்டு உடைந்தது. வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவர் கேட்டார்.

"அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"கோயில் யானைகூட ரெண்டாவது வாய் வாங்காது."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ போயிட்டா நான் யாரோடடி சண்டை போடுறது?"

முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன காதல் வசனம் அது ஒன்றுதான். சட்டியை அடுப்பில் வைத்து, ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்து, அவர் அவித்து வைத்திருந்த பூசணியை அதில் கொட்டினேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க என்னை அடுப்படிக்குள்ள விட்டாத்தானே?"

இப்போது அவர் நறுக்குகிறார், நான் தாளிக்கிறேன். கொழுப்பு மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. உப்பு எவ்வளவு என்பதில்தான் தினமும் சண்டை.