நாலாம் பேனலின் மூன்று கட்டைகள்

பிளஸ் டூ முடித்த கையோடு, ஒரகடம் பக்கத்தில் காருக்கு ரப்பர் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிக்கல் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. வடக்குப்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தே போய்விடலாம். அப்ரண்டிஸ் என்றால் தொழில் பழகுபவன் என்று விண்ணப்பத்தில் அச்சடித்திருந்தார்கள். கம்பெனியோ தண்ணீர் கேன் தூக்கவும், அட்டைப்பெட்டி அடுக்கவும், மழை வந்தால் ஆபீசருக்குக் குடை பிடிக்கவும்தான் எங்களைப் பழக்கியது. தினம் என்ன கற்றோம் என்று எழுதும் நோட்டில் மட்டும் மோட்டார் சுற்றினோம், கேபிள் இணைத்தோம் என்று எழுதி வைப்போம். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் முப்பது நாளுக்கான கையெழுத்தையும் ஒரே மூச்சில் போடுவார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய ஆட்கள் வேறு.

எலக்ட்ரிக்கலில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருவன் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேர் தங்கிய ஒரே அறையில் பாய் போட்டிருந்தான். கம்பெனி முத்திரை குத்திக் கொடுத்தால்தான் வருஷக் கடைசியில் அரசாங்கத் தேர்வு எழுத முடியும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஊருக்குத் திரும்புவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன்.

எங்களுக்கு உருப்படியாகத் தெரிந்த தொழில் ஒழுங்கு ஒன்றே ஒன்று. மேலே ஏறி வேலை செய்வதற்கு முன் மின்சாரப் பேனலிலிருந்து மூன்று பீஸ் கட்டைகளையும், அதாவது ஃபியூஸ்களை, பிடுங்க வேண்டும். பிடுங்கியவன் அவற்றைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். ஏறியவன் தரைக்கு வந்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும். கட்டை பாக்கெட்டில் இருக்கும்வரை மேலே இருப்பவன் உயிருக்குப் பயமில்லை. எந்த பேனலின் கட்டை என்று மாறிப்போகாமலிருக்க ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புப் பெயின்டில் எண் எழுதியிருக்கும்.

ஒருநாள் காலை பத்தரை மணி வாக்கில், உற்பத்தி லைனுக்கு மேலே புகை இழுக்கும் விசிறி நின்றுபோனது. நாலாம் பேனலின் கட்டைகள் மூன்றையும் நான்தான் பிடுங்கி பேன்ட் பாக்கெட்டில் போட்டேன். அவன் ஏணியில் ஏறி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஒயரைத் தொட்டான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த பேனலில்தான் லைனின் ஒரு பகுதியும் ஓடியது. மதியத்துக்குள் வெளியாட்கள் பார்வையிட வருவதாக இருந்தார்கள்.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க? லைன் நிக்குதுல்ல!" என்று சூப்பர்வைசர் இரண்டு முறை கத்தினார்.

"அஞ்சே நிமிஷம் சார்," என்றேன்.

அவர் தூணுக்குப் பின்னால், பேனல்கள் இருந்த பக்கம் போனார். சற்றைக்கெல்லாம் லைன் ஓடத் தொடங்கியது. மேலே அவன் ஒரு சத்தம் போட்டான். என் தோளில் இடித்துத் தரையில் விழுந்தான். வலது முன்கை மடங்கக்கூடாத விதத்தில் மடங்கிக் கிடந்தது.

அவனைக் கம்பெனி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு பேனலுக்கு ஓடினேன். அதில் மூன்று கட்டைகள் உட்கார்ந்திருந்தன. முதுகில் ஆறு என்று எழுதியிருந்தது. ஓடாமல் கிடந்த ஆறாம் பேனலிலிருந்து பிடுங்கி வந்து மாட்டியிருக்கிறார். அஞ்சு நிமிஷம் பொறுக்கவில்லை அந்த மனுஷனுக்கு.

மதியத்துக்குள் காகிதம் தயார். மின்சாரத்தை நிறுத்தாமல், என் சொந்தக் கவனக்குறைவால் ஏணியில் ஏறினேன் என்று அவன் சொல்வதுபோல டைப் அடித்திருந்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்களாம். வலது கை கட்டுப் போட்டிருப்பதால் இடது கைப் பெருவிரல் ரேகை போதுமாம். பிளஸ் டூ படித்தவனிடம் கைநாட்டு! அது விழுந்தால் அவன் பயிற்சி ரத்து, தேர்வும் இல்லை.

"சார், கட்டைங்கோ என் பாக்கெட்ல தான் கீது," என்றேன் சூப்பர்வைசரிடம்.

"வாய மூடிக்கினு வேலயப் பாரு. உனக்கும் பரிச்ச கீதுல்ல?" என்றார்.

அன்று முழுக்க பாக்கெட்டிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. சாயங்காலம் கேட்டில் சோதனை. எங்கள் பக்கத்து ஊர்க்காரரான செக்யூரிட்டி என் பேன்டைத் தடவிப் பார்த்துவிட்டு மூன்றையும் வெளியே எடுத்தார்.

"இன்னாபா இது? கம்பெனிப் பொருளு."

நான் பதில் சொல்வதற்குள் சூப்பர்வைசர் அங்கே வந்துவிட்டார். "எழுதாதீங்க. சின்னப் பையன், மறந்து எடுத்தாந்துட்டான். இங்க குடுங்க," என்று கையை நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு கனிவு! ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் காட்டிய ஒரே கனிவு அதுதான். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. காலையில் நாலாம் பேனல் வெறுமையாக இருந்ததற்கு உலகத்திலேயே இந்த மூன்று கட்டைகள்தான் சாட்சி. அவை அவர் கைக்குப் போனால் கோவில்பட்டிக்காரன் பொய்யனாகிவிடுவான்.

"எழுதுங்கண்ணே," என்றேன். "பாக்கெட்ல இருந்துச்சுனு எழுதுங்க. நாலாம் நம்பர்னு போடுங்க. காலைலேருந்து வெச்சிக்கினு கீறேன்னு எழுதுங்க."

"திருட்டுனு எழுதச் சொல்லிக் கேக்கறவன இப்பத்தான்பா பாக்கறேன்," என்றபடி செக்யூரிட்டி ரிஜிஸ்டரைத் திறந்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பர்சனல் ஆபீசர் அறையில் என்னை நிறுத்தினார்கள். மேசையில் இரண்டு காகிதங்கள். ஒன்று என் திருட்டு, இன்னொன்று அவன் கவனக்குறைவு. ஆபீசர் இரண்டையும் படித்தார். "நாலாம் பேனல் கட்டை காலையிலிருந்து இவன் பாக்கெட்டில் இருந்தால்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். அவன் காகிதம் சத்தமில்லாமல் இழுப்பறைக்குள் போனது. வேறு கட்டையை மாட்டியது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. என் காகிதத்தில் மட்டும் முத்திரை விழுந்தது. கம்பெனிப் பொருளைத் திருட முயன்றதால் பயிற்சி ரத்து. அந்த அறையில் இருந்த மூவருக்கும் அது பொய் என்று தெரியும்.

ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்னதும், "ஏல, உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று திட்டிவிட்டு அவன் அழுதான்.

கை கூடிய பிறகு அடுத்த தேர்வை எழுதினான். செய்முறை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"மொதல்ல கட்டையப் பிடுங்கிப் பையில போட்டேம்ல," என்றான். "பரிச்ச வச்சவரு அதுக்குன்னு தனியா அஞ்சு மார்க் போட்டாரு."