மல்கிரேவில் லைன் கிளியர்

சிட்னியில் காலை ரயிலேறினேன். அங்கே பென்டில் ஹில் பகுதியில் என் பெயர் எழுதிய துப்புரவு வான்கள் பதினொன்று ஓடுகின்றன. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் வேறு எவன் இப்படி வந்திருக்கிறான், சொல்லுங்கள். விமானத்தில் முன்வரிசையில் போகக்கூடியவன் மெல்பேர்ணுக்குப் பதினொரு மணித்தியாலம் ரயிலில் குந்தியிருந்தேன் என்றால், இது டீசல் வண்டி என்பதற்காகத்தான். கோல்பேர்ணுக்கு முன் ஏற்றத்தில் அது முனகியபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

எங்கள் யப்பான் பவர்செற்றும் இப்படித்தான் முனகும். எஞ்சினும் பெட்டிகளும் ஒரே கோவையாக யப்பானில் கட்டி இலங்கைக்கு வந்த வண்டி. மகாலிங்கம் அண்ணை ஓட்டினார். நான் பெட்டி கூட்டினேன். மாம்பழக் கூடையும் கலியாணக்காரருமாக யாழ்ப்பாணம் போய் வந்தது. சண்டையில் வடக்குத் தண்டவாளமே இல்லாமல் போனது. வண்டி தெற்கில் ஓடித் தேய்ந்தது. போன வருடம் அநுராதபுரத்துக்கு அப்பால் ஒரு பக்கப் பாதையில் அதைக் கண்டேன். நான் கூட்டிய தரையைப் பிளந்து வேம்பு வளர்ந்திருந்தது. இருக்கைகள் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கிடந்தன. அண்ணைக்குக் காட்டவென்று கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தேன்.

மறுநாள் மெல்பேர்ணில், அண்ணை இருக்கும் மல்கிரேவ் வீட்டில், அவர் மகள் சுபா அழுத முகத்தோடு கதவைத் திறந்தாள்.

“அப்பாவை இண்டைக்கு முதியோர் ஹோமிலை விடவேணும் அங்கிள். அடுப்பைத் திறந்துவிட்டிட்டு மறந்துபோறார். என்னாலை இனி ஏலாது. இண்டைக்குப் போகாட்டி அறை வேறை ஆளுக்குப் போயிடும். காரிலை ஏத்தினா ‘வளையம் வரேல்லை’ எண்டு இறங்குறார்.”

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி இல்லை என்பதற்கு நிலைய அதிபர் ஒரு வளையம் கொடுப்பார். அது கைக்கு வராமல் எந்த றைவரும் வண்டியை அசைக்க மாட்டான். அடுத்த நிலையத்தில் அதைக் கொடுத்து வேறு வாங்கவேண்டும்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் றப்பர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, வளைத்து, நாடா சுற்றினேன். என் கை எதையும் சரியாகத்தான் செய்யும்.

சுபா மறுபடி ஏற்றிவிட்ட அண்ணை காரில் இருந்தபடி யன்னலால் என்னைப் பார்த்தார்.

“டேய் துரை, பெட்டி கூட்டினியோ? நாறுது.”

“கூட்டினனான் அண்ணை.”

“செற் எப்பிடி?”

“கழுவித் துடைச்சு நிக்குது.” கைபேசியை எடுக்கவில்லை.

“எதிரை ஆர் வாறது?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை. லைன் கிளியர்.”

முழங்கையை மடித்து வெளியே நீட்டினார். வளையத்தை மாட்டினேன். நானும் பின்னால் ஏற, கார் புறப்பட்டது; அவர் இறங்கவில்லை.

ஹோம் வாசலில் தாதியிடம் வளையத்தை நீட்டினார். அவள் சிரித்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் நீட்டியபடியே நின்றார். கடைசியில் நான்தான் வாங்கிக்கொண்டேன். சுபா காருக்குள் இருந்து அழுதாள்.

சிட்னிக்குத் திரும்பும் வண்டியில் அந்த வளையம் என் மடியில் கிடக்கிறது. அண்ணை இந்நேரம் அந்த வாசலில் அடுத்த வளையத்துக்குக் காத்திருப்பார். அது வராமல் அவர் புறப்படமாட்டார். அப்படிப்பட்ட றைவர்.