தகேடா குலத்தின் கடைசி இரண்டு பக்கங்கள்

செவ்வாய்க்கிழமை காலை பாரிஸ் புறநகரான வில்லியே லே பெல்லில் இருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தபோது தவராசா அண்ணையின் மனைவி பூமணி அக்கா தொலைபேசியில் அழைத்தார். "மாஸ்டர், அவர் எங்களை விட்டுப் போட்டார்" என்றார். நான் இறங்கி எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு நடந்து வருவதற்குள் மூன்று பேர் அதே செய்தியைச் சொல்லிவிட்டார்கள். தவராசா அண்ணை கேட்டிருந்தால் சிரித்திருப்பார். யப்பானின் தகேடா குலத் தலைவர் தம் சாவை மூன்று வருடம் மறைத்து வைக்கச் சொன்ன கதையைச் சொல்லும்போதெல்லாம், "நான் செத்தால் லா சப்பலிலை மூண்டு நிமிசமும் ஒளிக்கேலாது" என்பார்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரது ஞாயிறு உரைகளைக் கேட்டவர்கள். அவை தொடங்கியது ஒரு சமையலறையில். யப்பானிய உணவகமொன்றில் அவருக்கு மீன் வெட்டும் வேலை. வாசல் திரையில் இருந்த நான்கு சாய்சதுரங்கள் என்னவென்று முதலாளியிடம் கேட்டார். தன் ஊரை முன்னர் ஆண்ட தகேடா என்ற சாமுராய் குலத்தின் சின்னம் என்றார் முதலாளி. அடுத்த விடுமுறை நாளிலேயே அண்ணை நூலகத்துக்குப் போனார். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அகராதியை வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் புத்தகங்களை வாசித்தார். பட்டம் பெற்ற நான் அப்படி எதையும் படித்ததில்லை.

மலைநாட்டுக்குள் கிடந்த அந்தக் குலத்தை, சாவை மறைக்கச் சொன்ன தலைவரான தகப்பன் அயலெல்லாம் நடுங்கும்படி வளர்த்தார். மகனோ, வேலிக்குப் பின்னால் துப்பாக்கிகளோடு காத்திருந்த படையின் மீது குதிரைகளை ஏவி, தகப்பன் காலத்துத் தளபதிகள் பலரை ஒரே நாளில் இழந்தார். இதை அவர் ரூ பஜோல் வீதி மண்டபத்தில் சொன்ன அன்று ஒருவர் எழுந்து, "தேப்பன் கட்டினதை மேன் கெடுத்தான், அவ்வளவுதானே அண்ணை?" என்று கேட்டார்.

"தம்பி, தேப்பன் தேடி வைச்ச எதிரியளும் மேனுக்கு முதுசச் சொத்துத்தான். நீ ஏன் காணியை மட்டும் பாக்கிறாய்?"

சபை சிரித்தது. கேட்டவரும் சிரித்தார்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். அவருடைய உரைகளைத் திருத்தித் தட்டச்சுச் செய்தவன் நான். கடைசி உரையில் என்னை அச்சுறுத்திய இரண்டு பக்கங்கள் இருந்தன. முடிவு நெருங்கியதும் உறவினரும் தளபதிகளும் ஒவ்வொருவராக மகனைக் கைவிட்டதையும், அடைக்கலம் தருவதாகச் சொன்னவரே வழியை அடைத்ததையும் அவற்றில் எழுதியிருந்தார். ஈழப்போரின் தோல்வியைச் சுமந்து வந்த எங்கள் சனம் அதைத் தங்கள் கதையாக எடுத்துக்கொண்டு சண்டை பிடிக்கும் என்று பயந்தேன். அவரிடம் கேட்கவும் துணிவில்லை. அந்தத் தாள்களை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குப் பக்க எண்களையும் மாற்றிப் போட்டேன்.

மேடையில் பதினோராம் பக்கத்தைப் புரட்டியவர் அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். "கடைசிப் பகுதியை நான் இன்னும் எழுதி முடிக்கேல்லை" என்று சபைக்குச் சொல்லி உரையை நிறுத்தினார்.

வெளியே வந்த பிறகுதான் கேட்டார்: "மாஸ்டர், தோத்ததைச் சொல்லாட்டி வெண்டதை ஆர் நம்புவினம்?" நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்கோ, வாங்கோ தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

அந்தப் பகுதியை வாசிக்க அவருக்கு இன்னொரு ஞாயிறு கிடைக்கவில்லை. நோயில் விழுந்தார். மருத்துவமனையில் என் கையைப் பிடித்து, "என்ரை முப்பத்தோராம் நாள் மலரிலை என்னைப் புகழ ஒரு பக்கம் காணும். அந்த இரண்டையும் போடுங்கோ. சனம் சண்டைக்கு வந்தால் நான் இருக்கமாட்டன், நீங்கள்தான் மாட்டுப்படுவியள்" என்று சிரித்தார்.

மலர் வேலை தொடங்கியதும் உறவினர் ஒருவர், "செத்தவீட்டு மலரிலை தோத்த கதையோ? தேவாரத்தைப் போடுங்கோ" என்றார். வழக்கம்போல நான் தடுமாறினேன். "தேவாரத்தையும் போடுங்கோ, அதையும் போடுங்கோ" என்றார் பூமணி அக்கா.

புகழ அவர் தந்த ஒரு பக்கத்தை நான் தாண்டிவிட்டேன் போலிருக்கிறது. அவரது இரண்டு பக்கங்களும் இம்மலரில் இருக்கின்றன, பழைய எண்களோடு: பன்னிரண்டு, பதின்மூன்று. கோபம் வருபவர்கள் என்னிடம் வாருங்கள். மண்டப வாசலில் நிற்பேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது மேடையிலிருந்து வந்த அந்தப் பார்வையைத்தான். கைவிட்டுப் போனவர்களின் கதையை எழுதிய மனிதர், தன்னைக் கைவிட்டவனைச் சபையில் காட்டிக்கொடுக்கவில்லை.