வார் உள்ள காலும் வார் இல்லாத காலும்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது விரியன் கடித்து என் வலது கால் போயிற்று. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம் வைத்து எடுத்தார்கள். பிறகு தையல் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகித் திருவனந்தபுரம் கரமனைக்குக் குடிவந்த பின்னும் அதே தொழில்தான்.

முதலில் எனக்குக் கிடைத்த மரக்காலுக்குத் தொடை முழுக்கத் தோல்பட்டை சுற்றிக் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் இரும்பு மூட்டு. உடம்பின் பாரத்தைத் தொடை தாங்கியது. ஆடாமல் நிற்கலாம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மழைக்காலத்தில் தோல் நாறும், வெயிலில் தொடை வெந்துபோகும். வருஷம் போகப் போகத் தொடையும் இளைத்தது. மெஷினை இடது காலால் மட்டும் மிதித்தேன்.

எழுபதுகளின் கடைசியில், ஆஸ்பத்திரியில் புது மாதிரிக் கால் செய்கிறார்கள் என்று வீட்டுக்காரர் விசாரித்துவந்து என்னை அழைத்துப் போனார். கால் செய்கிறவர் மலையாளி, என்னைவிட இளையவர். இதில் தொடைப்பட்டையே வேண்டாம், முட்டிச்சில்லுக்குக் கீழே பாரம் இறங்கும் என்றார். மிச்சக் கால் நுழைகிற கிண்ணத்தை அங்கே சாக்கெட் என்பார்கள். அடுத்த முறை போனபோது எனக்கு இரண்டு சாக்கெட் செய்து வைத்திருந்தார். ஒன்றை முட்டிக்கு மேலே ஒரு வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்றில் வார் இல்லை. அதன் சுவரே உயர்ந்து முட்டியைக் கவ்விக்கொள்ளும்.

வார் இல்லாததைப் போட்டுக்கொண்டு நடந்தேன். அவ்வளவு லேசு. பொய்க்கால் என்றே தெரியவில்லை என்றார் வீட்டுக்காரர். அங்கே வந்திருந்த பஸ் கண்டக்டர் ஒருவர் அதே மாதிரிதான் போட்டிருந்தார். ஓடும் பஸ்ஸில் நாள் முழுக்க நிற்கிறேன், இதையே வாங்கிக்கொள் என்றார். எனக்கு மட்டும் மனசு முழுசாக ஒப்பவில்லை.

"நடக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. நான் உக்காந்து மெஷின் மிதிக்கிறவ. மிதிச்சுப் பாக்காம எப்படிச் சொல்ல?"

கால் செய்கிறவர் அதை யோசித்திருக்கவில்லை. "அது ஞான் ஓர்த்தில்ல, சேச்சி. வாங்க, இவிடத் துணி தைக்கிற ரூம் உண்டு."

அந்த அறையில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்துக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். வார் இல்லாத காலோடு மிதித்தேன். முட்டி மடங்கும்போதெல்லாம் முன்விளிம்பு விலகித் துருத்தியது, மெஷின் பலகையின் அடியில் இடித்தது. வார் உள்ளதை மாட்டிக்கொண்டேன். முன்பக்கம் தொந்தரவில்லை, ஆனால் பின்விளிம்பு முட்டிக்குப் பின்னால் இருக்கும் நரம்பை அறுத்தது. இடத்தைத் தொட்டுக் காட்டினேன். கால் செய்கிறவர் பென்சிலால் குறித்து, எடுத்துப்போய் அரத்தால் ராவிக்கொண்டு வந்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். முகம் சுளிக்காமல் மறுபடியும் போனார்.

மூன்றாம் தடவை இரண்டு காலும் மிதியில் சேர்ந்து ஏறி இறங்கின. நூல் தீரும்வரை நான் நிறுத்தவில்லை. அந்த அம்மாள் என் பக்கத்தில் இன்னும் நாலு விரிப்பை எடுத்துவைத்தார். அத்தனையையும் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

"சேச்சிக்கு இதுதான்," என்றார் கால் செய்கிறவர். கண்டக்டருக்கு அவருடையதே சுகம்.

நடையில் முதல் நாள் இருந்த அந்த லேசு இதில் கொஞ்சம் குறைவுதான். மாலையில் வார் இறுகினால் ஒரு துளை தளர்த்திக்கொள்வேன். இளைத்த தொடை மெல்ல மெல்லச் சதை பிடித்தது. அந்த ஓணத்துக்கு நான் தைத்த பாவாடையோ ரவிக்கையோ போடாத பெண் எங்கள் தெருவில் அபூர்வம்.