ட்ரில் புத்தகத்தில் இல்லாத கட்டளை

என் சத்தம் பெரிது. கண்டியில் புதிதாகப் படையில் சேர்ந்தவர்களுக்கு ட்ரில் பழக்கும் சார்ஜன்டாக இருந்த காலத்தில், நான் மைதானத்தில் கத்தினால் வாவிக்கரையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். வீட்டிலும் அதே தொண்டைதான். "ஊட்டுலயுமா பெரேட்டு? புள்ள முழிச்சிட்டு, பாருங்க!" என்று மனைவி ஏசுவாள். என்ன செய்ய, அந்தச் சத்தத்துக்குத்தான் சம்பளம் தந்தார்கள். குனிந்த தலையோடு வருகிறவனை மூன்று மாதத்தில் நிமிர்த்தி, வெள்ளைக்காரக் கப்டன் பரீட்சை பார்க்கிற நாளில் வரிசையில் நிறுத்திக் காட்ட வேண்டும். தேறாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒரு முறை தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். இருபது வயதிருக்கும். கண்டியில் ஓர் அரிசிக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். நடையில் குறை சொல்ல முடியாது, துவக்கைத் தூக்கிக் குறி வைப்பதிலும் கெட்டிக்காரன். ஆனால் கப்டன் மைதானத்துக்குள் கால் வைத்தால் போதும், எல்லாம் கெட்டுவிடும். இவன் வரிசையிலிருந்து இரண்டடி பின்வாங்கி, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்து நிற்பான். கப்டன் போனதும் மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். தோட்டத்து ரோட்டில் வெள்ளைக்காரத் துரை வந்தால் அப்படித்தான் நிற்க வேண்டுமாம். ஓரமாக இறங்கி, தலைப்பாகையை எடுத்து, கண்ணைத் தாழ்த்தி நிற்பார்களாம். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பழகியது. "ஐயா, என்னைத் திருப்பி அனுப்பிராதீங்க. எங்க ஆத்தாவையும் அப்பாவையும் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுலேருந்து வெளிய கூட்டிட்டு வரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. யாரோ எறிந்த, துரைமார் போடுகிற பழைய வெள்ளைத் தொப்பி ஒன்றைத் தேடி எடுத்தேன். பின்னேரம் எல்லோரும் போன பிறகு, அதைத் தலையில் கவிழ்த்து, கையில் பிரம்போடு, துரை மாதிரி விறைத்துக்கொண்டு அவன் முன்னால் நடப்பேன். "பார்டா! என் கண்ணப் பார்டா! இங்க கண்ணப் பார்க்கிறதுதான் மரியாதை!" முதல் நாள் அவன் உதடு வெளுத்துவிட்டது. ஒரு மாதம் போயிற்று. ஒரு நாள், இமைக்காமல், கண்ணில் நீர் முட்ட, என் முகத்தை நேராகப் பார்த்தான். அடடா, எனக்கு என்ன சந்தோஷம்! அன்றிரவு மனைவியிடம் பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் லீவு கொடுத்தோம். பட்டாளத்து உடுப்போடு தோட்டத்துக்குப் போனான். சொன்ன நாளில் திரும்பி வந்தான், வந்ததும் துவக்கைத் துடைக்க உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து, மழைக்குள் அவனுடைய தகப்பன் வந்தார். கம்பளியைப் போர்த்தியிருந்தார். என்னைக் கண்டதும் பாதையை விட்டு இறங்கி, தலைப்பாகையை எடுத்துவிட்டு, என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தொரை குதிரையில வந்தாருங்க. இவன் எறங்கல. தொப்பியக் கழட்டல. வெறப்பா நின்னு அவரு மூஞ்சியப் பாத்துட்டான். சனிக்கெழமைக்குள்ள லயத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இவன் ஆத்தா காய்ச்சல்ல கெடக்கா, எங்கங்க தூக்கிட்டுப் போவேன்? காலையில பெரட்டுக்கு ஆள் கூடுற நேரத்துல, எல்லாருக்கும் முன்னால இவன் வந்து தலயக் குனிஞ்சு நின்னா மன்னிச்சிருவாராம். மாட்டேங்குறான். நீங்க கத்துக் குடுத்ததுதானுங்களே, நீங்க சொன்னாக் கேப்பான்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தத் துரை மேல், குனிந்தே நிற்கிற இந்த மனிதர் மேல், என் மேல். கப்டனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் கப்டனும் துரையும் ஒரே கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறவர்கள். எனக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. பயந்துவிட்டேன், அதுதான் உண்மை.

மகனைக் கூப்பிட்டேன்.

"நான் என்னங்க ஐயா தப்பு செஞ்சேன்?" என்றான். "மரியாதைதானே செஞ்சேன்? அட்டென்ஷன்ல நின்னு, நீங்க சொன்ன மாதிரி கண்ணப் பாத்தேன்."

யா அல்லாஹ், அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் கத்தினேன்.

"அட்டென்ஷன்!"

அவன் விறைத்து நின்றான்.

"கண்ணக் கீழ போடு!"

எங்கள் ட்ரில் புத்தகத்தில் அப்படி ஒரு கட்டளை கிடையாது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடியும் கத்தினேன். கண் மெதுவாக இறங்கி, என் பெல்ட்டைக் கடந்து, சப்பாத்தில் வந்து நின்றது. "நாளைக்குப் பெரட்டுல இப்படியே நில்லு" என்றேன். "சரிங்க ஐயா" என்றான். பக்கத்தில் அவனுடைய தகப்பன் அழுதுகொண்டிருந்தார்.

போனான், நின்றான், திரும்பி வந்தான். லயம் அவர்களுக்குத் தப்பியது. தாய்க்கும் காய்ச்சல் விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த கிழமை பரீட்சை. அவனுடைய துவக்கும் சப்பாத்தும் பளிச்சென்றிருந்தன, அந்த வரிசையிலேயே அவன்தான் முதல். கப்டன் அவன் முன்னால் வந்து நின்றார். அவன் பின்வாங்கவில்லை, தொப்பியைக் கழற்றவில்லை. ஆனால் கண் மட்டும் கப்டனின் சப்பாத்தில் இருந்தது. முகம் நிமிர நாடியை உயர்த்தச் சொன்னார். நாடி உயர்ந்தது, கண் உயரவில்லை. இரண்டாம் தரம் சொன்னார். நான் பின்னால் நின்று, பார்டா தம்பி, பார்டா என்று மனசுக்குள் மன்றாடினேன். கப்டன் தாளில் அவன் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டார்.

அன்று பின்னேரம் உடுப்பைத் திருப்பிக் கொடுத்தான். இடுப்பில் சாரத்தோடு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முகாம் வாசல் படலையடிக்கு வந்தபோது நான் எதிரே போனேன். ஏதாவது சொல்லத்தான் போனேன். என்னைக் கண்டதும் அவன் பாதையை விட்டு, தண்ணீர் ஓடும் கானோரம் இறங்கினான். துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்து நின்றான்.

"நிமிருடா" என்று சொல்ல வாயெடுத்தேன். வாவிக்கரை வரை கேட்கிற என் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. அவன் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். நான் கடந்து போனால்தான் அவன் தலையைத் தூக்குவான் என்று தெரிந்தது. அதனால் போனேன்.