எனக்குப் பிடித்த இரண்டு நிறங்கள்

இதில் இரண்டு நிறங்கள் வருகின்றன. அவை எவை என்று எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்து ஆள் யாராவது படித்தால் அந்த இரண்டு நிறத்தை வைத்தே என் ஊர், என் தெரு, நான் யார் வீட்டுப் பிள்ளை என்பது வரை சொல்லிவிடுவார். எழுத வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அறை. 'எங்கள்' என்றால் நானும் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணும். நான் லோகோ வரைவேன், நிறம் பிடிப்பேன். அவள் அதையெல்லாம் திரையில் அசைய வைப்பாள். ஜவுளிக்கடைப் பை, நர்சரிப் பள்ளிச் சின்னம், காதுகுத்து ஃபிளக்ஸ் என்று எது வந்தாலும் செய்வோம். அவள் ஒட்டன்சத்திரம் பக்கம். எனக்குச் சிறியவள், என்னை அண்ணா என்பாள். வாய் குறைவு, வேலை சுத்தம். எனக்கு வாய் அதிகம். கோபம் அதைவிட அதிகம்.

என் சித்தப்பா மகன் ஒருவன் எஞ்சினியரிங் முடித்துவிட்டு ஊரில் இருக்கிறான். அவன்தான் என்னை ஒரு பிளாக்செயின் குழுவில் சேர்த்துவிட்டான். பல நாட்டு ஆட்கள் தங்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஒரே கணக்கை வைத்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஏறியதை யாராலும் தனியாக அழிக்க முடியாது. முதலாளி கிடையாது. எது செய்வதானாலும் குழுவில் பேசி, ஓட்டுப் போட்டுத்தான் செய்வார்கள்; அந்தப் பேச்சும் கணக்கில் ஏறிவிடும். அந்தக் குழுவுக்கு ஒரு முகம் வேண்டும் என்றார்கள்: சின்னம், எழுத்து, நிறம் எல்லாம். நான் மாதிரி வரைந்து அனுப்பினேன், வேலையை எனக்கே தந்தார்கள்.

அம்மாவிடம் சொன்னபோது, "மொதலாளி யாருப்பா?" என்றார்.

"மொதலாளியே இல்லம்மா. எல்லாரும் சமம்."

"அப்ப தப்பு நடந்தா யாரப்பா திட்டுவீங்க?"

நான் சிரித்தேன். எல்லாரும் சமம் என்று சொல்லும்போதே எனக்குள் ஒரு பெருமை இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. உலகம் முழுக்கப் போகிற ஒன்றுக்கு நான் நிறம் கொடுக்கப்போகிறேன். அதுவரை நான் செய்த எதுவும் பக்கத்திலிருக்கும் தாடிக்கொம்பைத் தாண்டியதில்லை.

சின்னம் சீக்கிரம் முடிந்தது. சின்னச் சின்னக் கோடுகள் வட்டமாக நிற்கும், நடுவில் வெற்றிடம். நடுவில் யாரும் இல்லை என்பதுதான் அதன் விஷயம். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. நிறத்தில்தான் வந்தது வினை.

குழுவில் ஆளாளுக்கு இரண்டிரண்டு நிறமாகக் கொண்டுவந்து போட்டார்கள். பனி கொட்டுகிற ஏதோ ஊரிலிருந்து ஒருவர் ஒரு ஜோடி அனுப்பினார், எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்ததும் என் கண்ணில் நின்றது நத்தம் சாலையில் ஒரு மின்கம்பம். எங்கள் ஊரில் இரண்டு நிறம் அடுத்தடுத்து வந்தால் அது வெறும் நிறமில்லை. மின்கம்பத்தில், பஸ் நிறுத்தத்துச் சுவரில், பைக்கின் முன்பக்கத்தில், பள்ளிக்கூடப் பையன்கள் மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றில் என்று அந்த ஜோடி எங்கெங்கும் இருக்கும். எந்த ஜோடி எந்தச் சாதிக்காரருடையது என்று பாடம் நடத்தாமலே எங்களுக்குத் தெரியும். இதை அந்தப் பனி ஊர்க்காரருக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் நம் மானம்தானே போகும். 'அச்சில் மங்கிவிடும்' என்று எழுதினேன்.

அடுத்த ஜோடி வந்தது. 'நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பிரித்துத் தெரியாது.' அதற்கடுத்தது வந்தது. 'ஒரு வங்கி மாதிரி இருக்கிறது.' இப்படியே ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளினேன். ஒவ்வொரு பொய்யையும் அவளிடம் படித்துக் காட்டுவேன். "இதுக்கும் அச்சுல மங்கும்னே எழுதிட்டீங்களாங்கண்ணா?" என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஊரே சாதி பிடித்துக் கிடக்கிறது, நாம் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம். 'வேதத்துல சேந்தப்பறம் நமக்கேது சாதி' என்று அம்மா சொல்வார். எனக்குப் பெண் பார்த்த வருஷம் மட்டும் அதை மறந்திருந்தார்.

கடைசியில் நானே ஒரு ஜோடியைப் போட்டேன். வெறுமனே போடவில்லை, கூடவே ஒரு கதையும் எழுதினேன். 'இந்த இரண்டு நிறங்களையும் சின்ன வயதிலிருந்து சேர்த்தே பார்த்து வளர்ந்தேன். எங்கே பார்த்தாலும் ஒரு தைரியம் வரும். வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். நம்மைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று தோன்றும். நம் குழுவும் அப்படித்தானே இருக்க வேண்டும்?' ஆங்கிலத்தில் இது இன்னும் உருக்கமாக இருந்தது. எழுதும்போதே எனக்குக் கண் லேசாகக் கலங்கியது.

குழு கொண்டாடியது. என் சித்தப்பா மகன் 'வேற லெவல்ண்ணே' என்று போட்டான். அவன் சேர்த்துவிட்ட எங்கள் ஊர்ப் பையன்கள், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்கள், வரிசையாக வந்து நெருப்புப் படமும் கை உயர்த்திய படமுமாகப் போட்டார்கள். பரவாயில்லையே, பயல்களுக்கு ரசனை வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். முன்மொழிவு ஓட்டுக்குப் போனது. ஒரு தடவை ஓட்டுக்குப் போய்விட்டால் போட்டவனே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. ஜெயித்தால் அதுதான் நிறம், எல்லா இடத்திலும், எல்லா நாட்டிலும்.

அவள் அந்த நிறத்தில் சின்னத்தை அசைய வைத்துக் கொடுத்தாள். கோடுகள் ஒவ்வொன்றாக வந்து வட்டமாக நின்றன. அழகாக இருந்தது. அந்த நாட்களில் அவள் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

ஓட்டு நடந்துகொண்டிருந்தபோதே, நம் பக்கத்து உறுப்பினர்கள் கூடி ஒரு சின்னக் கூட்டம் நடத்தலாம் என்று முடிவானது. ஜெயிப்பது உறுதி என்ற தைரியத்தில் டீ-ஷர்ட் அச்சடித்துக் கொண்டுவந்தேன். அவளிடம் ஒன்றை நீட்டினேன்.

"நாளைக்குப் போட்டுட்டு வா."

"வேணாங்கண்ணா."

"ஏன், சைஸ் சின்னதா?"

"சைஸெல்லாம் சரிதானுங்க."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எல்லாரும் போட்டுட்டு வாராங்க. ராப்பகலா வேல பாத்தவ நீ மட்டும் சுடிதார்ல வந்து நின்னா நல்லாவா இருக்கும்? அம்புட்டு மட்டமாவா இருக்கு நான் புடிச்ச கலரு?"

அவள் அதை மடித்து மேசைமேல் வைத்தாள். "அண்ணா, நெசமாவே உங்களுக்குத் தெரியலீங்களா?"

"என்ன தெரியல?"

"இது உங்காளுக கலருங்க."

முதலில் சிரித்தேன். "ஏ, சும்மா இரு. மத்தவங்க கலரெல்லாம் பாத்துப் பாத்துத் தள்ளுனவன் நான். எனக்குத் தெரியாதா?"

"தள்ளுனீங்க. நானும் பாத்துட்டேதான் இருந்தேன். இதையும் தள்ளிருவீங்கன்னு இருந்தேன். நீங்க கதை எழுதிப் போட்டுட்டீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணை மூடத் தேவையிருக்கவில்லை, எல்லாம் தானாக வந்தது. எங்கள் ஊர் நுழைவில் நிற்கும் ஆர்ச். சாதிச் சங்கக் கட்டடத்தின் சுவர். அப்பா இறந்தபோது வீட்டு வாசலில் கட்டிய கொடி. என் சித்தப்பா மகன் கையில் இருக்கிற கயிறு. எல்லாமே இந்த இரண்டு நிறம். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அந்த முதுகைத்தான் நான் உலகத்துக்கே படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.

தப்பு செய்தவனுக்கு வரவேண்டியது வெட்கம். எனக்கு முதலில் வந்தது கோபம். "அப்பவே சொல்லிருக்கலாம்ல நீ?"

"எப்படிங்கண்ணா சொல்றது? சொன்னா நான் யாருன்னு சொல்ற மாதிரி ஆயிருமில்லீங்களா?"

அவள் யார் என்று எனக்குத் தெரியும். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் கேட்டே தெரிந்துகொண்டுவிட்டேன். தெரியாதது போல இத்தனை வருஷமும் இருந்ததைத்தான் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க ஊருக்குள்ள பூந்து வந்தா டவுனுக்குச் சுருக்குங்க," என்றாள். "காலேஜ் படிக்கறப்ப எங்கண்ணன் பைக்ல அப்படித்தான் கூட்டியாருவான். வழியெல்லாம் பாட்டுப் போட்டுட்டு வருவான். உங்க ஆர்ச் வந்தா பாட்ட நிறுத்திருவான். ஊரு தாண்டுனதுக்கப்புறம் மறுபடி போடுவான். ஏன்னு நானும் கேட்டதில்ல, அவனும் சொன்னதில்ல. நீங்க எழுதிருக்கீங்க, அந்தக் கலரப் பாத்தா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்னு. உங்களுக்கு இருக்குமுங்க."

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன்.

டீ-ஷர்ட்டுகளை மூட்டையாகக் கட்டி அலமாரிக்கு மேலே போட்டேன். கூட்டத்தைத் தள்ளிவைத்தேன். அப்புறம் குழுவில் எழுதினேன்: 'இந்த நிறங்களுக்கு யாரும் ஓட்டுப் போட வேண்டாம். அச்சில் மங்குகிறது.'

மற்றவர்களுக்குச் சொன்ன அதே பொய். எனக்கே எடுத்துச் சாற்றிக்கொண்டேன். பனி ஊர்க்காரர் உடனே பதில் போட்டார். அவர் தன் செலவில் அச்சடித்துப் பார்த்தாராம், அற்புதமாக வந்திருக்கிறதாம். படமும் எடுத்து அனுப்பியிருந்தார். 'உங்கள் மேல் உங்களுக்கே நம்பிக்கை வேண்டும். உங்கள் கதை எங்களைத் தொட்டது' என்று எழுதியிருந்தார். அதைப் படிக்கும்போது காது மடல் சுட்டது. ஒரு நல்ல மனிதரை ஏமாற்றி அவரிடமே ஆறுதலும் வாங்கிக்கொள்வது எவ்வளவு கேவலம் என்பதை அன்றைக்குத்தான் அனுபவித்தேன். ஓட்டு ஏறிக்கொண்டே போனது.

சரி, உண்மையை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். நன்றாகவே எழுதினேன். தமிழ்நாட்டில் சாதி எப்படி நிறத்தில் இருக்கிறது என்று விளக்கினேன். 'என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், ஒடுக்கப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர், இந்த நிறங்களைப் பார்த்தால் பயப்படுகிறார்' என்று எழுதினேன். பைக்கில் பாட்டு, ஆர்ச், அவள் அண்ணன் எல்லாம் அதில் வந்தது. அவருடைய வலியை மதித்து இந்த நிறங்களை விட்டுவிடுவோம் என்று முடித்திருந்தேன். படிக்கிறவர்கள் உருகிவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்தது. அனுப்புவதற்கு முன் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்லவன் என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அவள் நின்றுகொண்டே படித்தாள். முழுதாகப் படித்தாள்.

"இதுல எல்லா எடத்துலயும் நான்தான் இருக்கேன்," என்றாள். "நீங்க எங்கீங்கண்ணா இருக்கீங்க?"

நான் திரையைப் பார்த்தேன். நான் எங்கேயும் இல்லை. நிறத்தைத் தேர்ந்தெடுத்தவன் இல்லை, அந்த ஆர்ச்சுக்குள் குடியிருப்பவன் இல்லை. பயந்தவள் மட்டும் இருந்தாள், பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு நல்லவன் நின்றான்.

"என் கதைய அதுல ஏத்தாதீங்க. ஏத்துனா அழிக்க முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அத்தனையையும் அழித்தேன். புதிதாக எழுதினேன். 'இவை என் சாதியின் கொடி நிறங்கள். மற்ற சாதிகளின் நிறங்களை எல்லாம் அடையாளம் கண்டு, பொய்க் காரணம் சொல்லி நீக்கினேன். என்னுடையதை மட்டும் அழகு என்று நினைத்தேன்.' இவ்வளவுதான். இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் அனுப்பக் கை வரவில்லை. குழுவில் எங்கள் ஊர்ப் பையன்கள் இருக்கிறார்கள். இன்றைக்கே படிப்பார்கள். சித்தப்பா மகன் ஃபோன் பண்ணுவான். 'நம்ம கொடிய ஊரான்கிட்ட வித்துட்டியா' என்று எவனாவது வீட்டு வாசலில் வந்து நிற்பான். அம்மா தனியாக இருப்பார். நான் வேலை முடிந்து வண்டியில் அந்த ஆர்ச்சுக்குக் கீழேதான் போயாக வேண்டும், வேறு பாதை இல்லை. அந்த இரண்டு நிறங்களையும் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"பயமா இருக்குதுங்களா?"

"ஆமா," என்றேன்.

அவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள். செத்த நேரம் கழித்து நான் அதை அனுப்பினேன்.